சாட்சிக் கூண்டில் ஒரு சகோதரர்

பதுளை நீதிமன்ற வளாகத்தில் புதிதாகக் கறுப்புக் கோட்டுப் போட்டிருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, உங்களில் சிலர் அவ்வப்போது என் வீட்டுக்கு வருகிறீர்கள். சட்டத்தில் ஒரு சந்தேகம் கேட்கிறீர்கள், தேநீர் குடிக்கிறீர்கள். போகிற நேரத்தில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "சேர், அந்த லொட்ஜுக்குள்ள உண்மையா என்னதான் நடக்குது?" என்று கேட்கிறீர்கள். வந்ததே அதைக் கேட்கத்தான் என்று எனக்குத் தெரியும். ஆகவே அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வாழ்நாளில் பெரும்பகுதி பிரீமேசன் சங்கத்தில் இருந்தவன். லொட்ஜ் என்பது அதன் ஊர்க்கிளை, அது கூடும் மண்டபத்துக்கும் அதே பெயர். உள்ளே மண்டையோடு வைத்திருக்கிறோம், கறுப்பு ஆட்டை வெட்டுகிறோம், ஆவிகளோடு பேசுகிறோம் என்றெல்லாம் பஜாரில் ஒரு கதை உண்டு. உண்மையில் நாங்கள் அங்கே அதிகமாகச் செய்தது சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிக்கக் கேட்டதுதான். கொட்டாவியை வாயைத் திறக்காமல் விடும் கலையை நான் அங்கேதான் கற்றேன். மற்றபடி மேசையில் அவரவர் வேதநூல், அதன்மேல் சங்கத்தின் சின்னமாக ஒரு மூலைமட்டம், ஒரு கவராயம். அரசியலும் மதமும் பேசக்கூடாது என்பது விதி. இந்த நாட்டில் அந்த இரண்டையும் பேசாமல் மனிதர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து எழும்புவதே பெரிய காரியம் என்று நினைத்துத்தான் நான் போனேன்.

வெளியே செய்தவையும் உண்டு. ஆஸ்பத்திரிக் கண் சிகிச்சைப் பிரிவுக்குக் கொஞ்சம் உபகரணங்கள், தோட்டத்து முதியவர்களுக்கு மூக்குக்கண்ணாடி, நமுனுகுலப் பக்கம் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான ஒரு லயத்துக்குத் தண்ணீர்த் தாங்கி. நகரசபையோடு வடிகாலுக்காக நான் போட்ட சண்டை தனிக்கணக்கு. அதில் நான் வென்றேன் என்று சொல்லமாட்டேன். மழை பெய்தால் நீங்களே போய்ப் பாருங்கள்.

ஆனால் ஊரார் எங்களிடம் எதிர்பார்த்தது மூக்குக்கண்ணாடியை அல்ல. ஒருமுறை பஜாரில் கடை வைத்திருந்த ஒருவர் காணி வழக்கோடு வந்தார். வழக்கில் சத்து இல்லை என்று சொன்னேன். அவர் கவலைப்படவில்லை. "அதுக்கென்னங்க, நீங்க கைய ஒரு மாதிரி குடுத்தா நீதவானுக்கு வெளங்கிருமாமே" என்றார். எங்களுக்குள் ஓர் இரகசியக் கைகுலுக்கல் உண்டு என்பது பஜாரின் இன்னொரு கதை. அந்த நீதவான் எந்தச் சங்கத்திலும் சேராத மனிதர். நான் அவர் கையை ஒரு மாதிரி பிடித்திருந்தால் நேரே போய்க் கையைக் கழுவியிருப்பார். கோப்பை மூடிக் கடைக்காரர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். அவர் என்னைக் கெட்டிக்காரன் இல்லை என்று முடிவு செய்து போனார்.

இது சிரிப்பதற்கு. அடுத்தது சிரிப்பதற்கல்ல. இதை எழுதலாமா என்று சம்பந்தப்பட்டவரிடமே கேட்டேன். தன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் விட்டுவிட்டு எழுதச் சொன்னார். ஏன் கேட்டேன் என்றால் எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நான் உறுப்பினன் என்று நான் ஊரெல்லாம் சொல்லலாம். இன்னொருவர் உறுப்பினர் என்பதை அவர் சம்மதமில்லாமல் நான் சொல்லக்கூடாது. ஒரு சகோதரரின், அதாவது சக உறுப்பினரின், அந்தரங்கத்தைக் காப்பதாகச் சத்தியமும் செய்கிறோம். நாட்டின் சட்டத்துக்கு மாறாக அந்தச் சத்தியம் யாரையும் கட்டாது என்பதும் அதிலேயே இருக்கிறது. முதல் பாதி எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டாம் பாதியில்தான் நம்மவர்களுக்குக் கொஞ்சம் மறதி.

அந்தச் சகோதரர் ஒரு தேயிலைத் தோட்டத்தின் முகாமையாளர். தோட்டத்து வழக்கில் துரை. யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் மலைக்கு வந்தவர். என் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்குக் கிளாக்கராக வந்தவர்தான், ஆனால் நான் பிறந்தது இங்கே. யாழ்ப்பாணத்தார் என்னை மலைநாட்டான் என்பார்கள், தோட்டத்தார் யாழ்ப்பாணத்து லோயர் என்பார்கள். அந்தத் துரை என்னை அண்ணை என்று கூப்பிடுவார். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம்.

ஒரு வருடம் லொட்ஜின் தலைவர் ஆசனத்தில் என்னை அமர்த்தினார்கள். அதற்கென்று ஒரு சடங்கு உண்டு. புதிய தலைவரைக் கையைப் பிடித்து ஆசனத்துக்கு அழைத்துப் போக ஒருவர் வேண்டும். அந்த வருடம் அது அவருடைய பொறுப்பு. அப்போது தோட்டங்களில் தொழிலாளர் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்தது. கம்பனியோ எந்தத் துரையும் அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டு நகரக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தது. அவர் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும். மதியம் புறப்பட்டு வந்து, என் கையைப் பிடித்து ஆசனத்தில் அமர்த்தி, விருந்தும் முடிந்த பிறகுதான் திரும்பிப் போனார். எனக்காக வந்தார். இதை மறந்துவிடாதீர்கள். நானும் மறக்கவில்லை.

அதே பின்னேரம் அவருடைய தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு வாக்குவாதம். வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் ஒரு பெண்ணைக் கெட்ட வார்த்தையால் ஏசியிருக்கிறார். பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் அதைக் கேட்டுப் பொறுக்காமல் எதிர்த்துப் பேசியிருக்கிறாள். அவளைப் பாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து விறகு வெட்டப் போகிறவர்கள் கத்தியும் கையுமாகத்தான் மடுவத்துக்கு வருவார்கள். பாக்கியத்தின் கையிலும் கத்தி இருந்தது. அவள் அந்தக் கத்தியை ஓங்கிக்கொண்டு வந்தாள் என்று உத்தியோகத்தர் முறையிட்டார். விசாரணை என்று ஒன்றை நடத்தி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நிறுத்தும் கடிதத்தில் கையெழுத்துத் துரையுடையது.

புருஷன் நோயாளி, தோட்டத்து வேலைப் பதிவில் அவனுக்குப் பேர் இல்லை. குடும்பத்தில் ஒருவருக்காவது தோட்டத்தில் வேலை இருந்தால்தான் லயத்துக் காம்பராவில் இருக்க விடுவார்கள். பாக்கியத்தின் பேரை வெட்டினால் அந்த ஒற்றை அறையையும் விட்டு, பிள்ளைகளையும் நோயாளியையும் கூட்டிக்கொண்டு றோட்டில் இறங்க வேண்டும். காம்பராவைக் காலி செய்யச் சொல்லி ஆளும் வந்துபோயிருந்தது.

அவள் என்னிடம் வந்தபோது சம்பவ நாளைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது, அது என் விழா நாள் என்று. துரை அப்போது தோட்டத்தில் இல்லை. ஆனால் அவளை நிறுத்திய கடிதத்தில் துரை பார்த்தார் என்று ஒரு சொல்லும் இல்லை. உத்தியோகத்தரின் பேச்சை மட்டும் நம்பியே எல்லாம் நின்றது. அதனால் அவர் எங்கே இருந்தார் என்பது வழக்குக்குத் தேவைப்படவில்லை. அவளிடம் ஒன்றை மட்டும் சொன்னேன். "துரையை எனக்கு நல்லாத் தெரியும். பழக்கமானவர். அதால உங்களுக்குச் சம்மதமில்லாட்டி வேற லோயரைப் பாக்கலாம்."

"தெரிஞ்சவருன்னா நல்லதுதானுங்களே" என்றாள். "தெரியாதவங்க கிட்டத்தான் நாங்க இத்தன நாளா பேசிக்கிட்டு இருக்கோம்."

வழக்குத் தொழில் நியாய சபையில் நடந்தது. கம்பனிக்காகக் கொழும்பிலிருந்து ஒரு சட்டத்தரணி வந்தார். சூரர். தன் பக்கம் பலவீனம் என்பதை முதல் நாளே கண்டுகொண்டார். உத்தியோகத்தர் ஒருவரின் சொல்லை எதிர்த்து மடுவத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் பாக்கியம் கத்தியை ஓங்கவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அடுத்த தவணையில் துரையையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். துரையும் தன் வேதநூலைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு, அன்று பின்னேரம் தான் மடுவத்துக்குப் பக்கத்தில் நின்றதாகவும், பாக்கியம் கத்தியை ஓங்கியதைத் தன் கண்ணால் கண்டதாகவும் சொன்னார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. நம்பிக்கை இருந்தது. என்னை நிலைகுலைய வைத்தது அதுதான்.

நியாய சபைத் தலைவர் குறுக்கு விசாரணையைத் தொடங்கச் சொன்னார். நான் எழுந்து நின்றேன். நீங்கள் அந்த இடத்தில் நின்று பாருங்கள். பேசாமல் உட்கார்ந்தால் ஒரு பொய்யால் என் கட்சிக்காரி வீட்டை இழக்கிறாள். "அன்று எங்கே இருந்தீர்கள்" என்று ஒரு கேள்வியைப் போட்டால் அவர் இன்னொரு பொய் சொல்வார். அவர் உண்மையில் எங்கே இருந்தார் என்று அந்தச் சபையில் தெரிந்த ஒரே ஆள் கேள்வி கேட்கிற நான். சட்டத்தரணியாக நின்றுகொண்டு சாட்சியும் சொல்ல முடியாது. சிறிது நேரம் தவணை கேட்டேன். தலைவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார்.

முதலில் யாரிடம் போக வேண்டும் என்பதில்தான் நம்மில் பலர் தவறுவது. நான் பாக்கியத்திடம் போனேன். விறாந்தையின் ஓரத்தில் அவளை நிறுத்தி, "துரை அண்டைக்கு அங்க இருக்கல்ல. அது எனக்கு நேரடியாத் தெரியும். நான் கூண்டில ஏறிச் சொல்லலாம். ஆனா சாட்சி சொன்னா உங்களுக்கு லோயரா இருக்க ஏலாது. வேற ஆள் வரவேணும், வழக்கு இழுபடும். நீங்கதான் சொல்லவேணும்" என்றேன்.

"நீங்க சொன்னா நம்புவாங்களா?"

"நம்புவாங்க."

அவள் யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. "அப்ப சொல்லுங்க ஐயா. லோயர் வேற ஆள பாத்துக்கலாம். பாத்தவங்க வேற ஆள் எங்க கெடைக்கும்?" பிறகு தயங்கி, "எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"கேட்டா அங்க சொல்றேன்" என்றேன். அவள் அதை விட்டுவிட்டாள்.

திரும்பும்போது துரை விறாந்தைத் தூணருகே நின்றார். கூண்டில் ஏறிய சாட்சியோடு இடையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பேசக்கூடாது. சிறிய விதி போலத் தெரியும், ஆனால் அன்று எனக்கு அதைவிடப் பாரமான விதி இருக்கவில்லை. "கூண்டில நிக்கிற ஆளோட நான் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"அண்ணை, உங்கட விழாவுக்கெண்டுதானே வந்தனான். தோட்டத்திலதான் நிண்டனான் எண்டு கொம்பனிக்குச் சொல்லிப்போட்டன். பிறகு அந்தக் கொழும்பு ஆள், 'நிண்டனீர் எண்டா கண்டிருப்பீர்தானே' எண்டு பிடிச்சிட்டார். இல்லை எண்டா என்ர வேலை போகும். பிள்ளையள் படிக்குதுகள். நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் அண்ணை. சும்மா இருந்தாக் காணும்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆசனம் வரைக்கும் என் கையை விடாமல் அழைத்துப் போன மனிதருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன். எனக்கு வலித்தது. விதி சரியாக இருந்தால் மனம் நோகாது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

உள்ளே போனதும் நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தலைவரிடம் திறந்த சபையில் சொன்னேன். சாட்சி சற்றுமுன் சொன்ன ஒரு விஷயம் பற்றி எனக்கு நேரடியான அறிவு இருக்கிறது. ஆகவே இந்த வழக்கிலிருந்து விலகி, என் கட்சிக்காரிக்காகச் சாட்சி சொல்ல அனுமதி கேட்கிறேன். என்ன விஷயம் என்று தலைவர் கேட்டார். சாட்சி அந்தப் பின்னேரம் எங்கே இருந்தார் என்பது என்றேன். அதைச் சொல்லுமுன், தன் சாட்சியத்தைத் திருத்த விரும்பினால் அவருக்கு இடம் கொடுக்கும்படியும் கேட்டுக்கொண்டேன்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஒரு மனிதன் பொய்யிலிருந்து இறங்கிவர வேண்டுமென்றால் இறங்குவதற்கு ஒரு படி அவன் காலுக்குக் கீழே இருக்க வேண்டும். கெட்டிக்காரச் சட்டத்தரணிகள் முதலில் அந்தப் படியைத்தான் தட்டிவிடுவார்கள். அப்படித் தட்டினால் அவன் மேலேயே நின்றுகொள்வான்.

கொழும்புச் சட்டத்தரணி எழுந்து ஆட்சேபித்தார். தலைவர் அவரை அமரச் சொல்லிவிட்டுத் துரையைப் பார்த்து, சொன்னதில் மாற்ற ஏதும் உண்டா என்று கேட்டார். துரை கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்வரிசை வாங்கில் பாக்கியமும் மடுவத்துப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர்களைத்தான் பார்த்தார்.

"நான் அண்டைக்குப் பின்னேரம் தோட்டத்தில இருக்கேல்லை" என்றார். "மடுவத்தில நடந்ததை நான் காணேல்லை. ஒருத்தரும் கத்தி ஓங்கினதை நான் காணேல்லை."

எங்கே இருந்தார் என்று தலைவர் கேட்டார். சொந்த அலுவலாகப் பதுளையில் என்றார். அதற்குமேல் தேவையா என்று தலைவர் என்னைக் கேட்டார். என் கட்சிக்காரிக்கு இது போதும், இனிக் கேள்வி இல்லை, விலக வேண்டிய அவசியமும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். லொட்ஜின் பெயர் அந்தச் சபையில் வரவேயில்லை. அன்றைய என் திறமை என்று ஏதாவது இருந்தால் அது கேட்காமல் விட்ட கேள்விகள்தான்.

பிறகு உத்தியோகத்தரைக் குறுக்கு விசாரணை செய்தபோது அவர் சுருதி இறங்கிவிட்டது. கத்தி கையில் இருந்தது, ஓங்கினாளா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். பாக்கியத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது. காம்பரா காம்பராவாகவே இருந்தது.

துரையைக் கம்பனி வீட்டுக்கு அனுப்பியது. அனுமதியில்லாமல் வெளியே போனதும் பொய் சொன்னதும் காரணம். உண்மையில் வழக்கைத் தோற்கடித்ததற்கான கோபம் என்றே நான் நினைக்கிறேன். லொட்ஜின் அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. நான் தலைவர் ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டு அவருடைய வெற்று நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்தில் எங்கள் மூத்த டாக்டர் ஒருவர் பக்கத்தில் வந்து, "சம்பவ நாளைக் கேட்ட உடனேயே நீர் அந்த வழக்கை வேற ஆளிட்டக் குடுத்திருக்கலாம்தானே" என்றார். கொடுத்திருந்தால் அந்தப் பொய்யைப் பொய் என்று சொல்ல அந்தச் சபையில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள் என்றேன். டாக்டர் கோழிக்காலைக் கடித்துக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றார். எங்கள் இருவருக்குமே அந்தப் பதிலில் முழுத் திருப்தி இல்லை.

கொஞ்ச காலத்துக்குப் பின் ஒருநாள் பாக்கியம் என் அலுவலகத்துக்கு வந்தாள். மடுவத்துப் பெண்கள் சிலரும் கூடவே. தோட்டத்து வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். காம்பராவில் மறுபடி ஏதோ தொல்லை என்று நினைத்து உட்காரச் சொன்னேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றாள். "நம்ம தொரைய நிப்பாட்டிட்டாங்கல்ல. எங்கள மாதிரியே அவருக்கும் வழக்குப் போட்டு வேலைய திருப்பி வாங்கிக் குடுக்க முடியுங்களா? நாங்க எல்லாம் வந்து சாட்சி சொல்றோம்."

அந்த வழக்கில் நான் தோன்ற முடியாது என்று விளக்கினேன். வேண்டுமானால் என்னிடம் தொழில் பழகிய இளம் சட்டத்தரணி ஒருவர் பக்கத்து அறையில் இருக்கிறார், துரை சம்மதித்தால் அவர் பார்ப்பார் என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"உங்களை நிப்பாட்டினது அவர்தானே?"

"ஆமாங்க."

"உங்களுக்கு எதிராப் பொய்யும் சொன்னாரே."

"ஆமாங்க, சொன்னாரு" என்றாள் பாக்கியம். "அப்புறம் எங்க மூஞ்சிய பாத்து, நான் பாக்கலன்னு மாத்திச் சொன்னாருங்க. எங்கப்பா காலத்துலேருந்து எத்தனையோ தொரைங்கள பாத்துட்டோம் ஐயா. பொய் சொல்லாத தொரைய நாங்க கேக்கல. சொன்னத மாத்துன தொரை இவரு ஒருத்தருதான். இவரையும் விட்டுட்டா வேற யாரு இருக்கா?"

நான் எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன்.